லாசர் அண்ணன் சொல்லாத போஸ்டர்

மயிலாப்பூர் லஸ்ஸிலிருந்து அடையாறுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் லாசர் அண்ணனுக்கு ஒரு படத்தின் கதை தெரிந்துகொள்ள அதைப் பார்க்கத் தேவையே இல்லை. மந்தைவெளிச் சுவரில் போஸ்டர் ஒட்டினால் போதும், சிக்னல் மாறுவதற்குள் முழுக்கச் சொல்லிவிடுவார். அவர் ஆட்டோவில் பேங்க் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் காது அங்கேதான் இருக்கும்.

"ஹீரோ மூஞ்சில பாதி இருட்டா கீது பாரு, டபுள் ஆக்ட்டு. ஹீரோயின் கீழ மூலைல கீது, நாலு பாட்டுதான் அதுக்கு. தங்கச்சிக்கு மல்லிப்பூ வச்சு, பின்னாடி வெள்ள வெளிச்சம் அடிச்சு சிரிக்க வுட்டாங்கன்னா, இன்டர்வலுக்கு முன்னாடி காலி."

பாவி மனுஷன், எத்தனை தங்கச்சிகளை இப்படிக் கொன்றிருப்பார்! சொன்னது பெரும்பாலும் பலித்தும் தொலைக்கும்.

போன மாதம் ஒரு புதுப் போஸ்டர். ஹீரோவின் தோளுக்குப் பின்னால் மல்லிப்பூ, வெள்ளை வெளிச்சம், வாய் நிறையச் சிரிப்பு. அது லாசர் அண்ணனின் மகள் ஏஞ்சல். தி.நகர் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு அவள் நடித்த முதல் படம்.

"இன்னாண்ணே, கதைய சொல்லு," என்று சீண்டினான் பிரபு. தினமும் எங்களோடு வருகிற காலேஜ் பையன்.

"போஸ்டரப் பாத்துலாம் ஒண்ணும் சொல்ல முடியாதுப்பா," என்றார் அண்ணன்.

முதல் காட்சிக்கு வரமாட்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டதை மறுநாள் அவரே ஒப்புக்கொண்டார். தான் நடிப்பது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து அந்தப் பெண் சாப்பாட்டைத் தொடுவதே இல்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்குப் பயம்ணே. அதை அவகிட்ட சொல்லித் தொலைங்க. இல்லன்னா பேசாம வந்து உக்காருங்க."

"பெத்தவன் எப்டிம்மா அத்தக் கண்ணால பாப்பேன்?" என்றார்.

ஆனால் வந்தார். என்னையும் பிரபுவையும்கூடக் கூட்டிப்போனார். இடைவேளைக்குச் சற்று முன்னால் திரையில் ஏஞ்சல் ஸ்கூட்டரில் சிரித்துக்கொண்டே போனாள். எதிரே லாரி வந்தது. அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் கையைப் பிடித்தார். அழுகிறார் என்பது தோள் குலுங்கியதிலேயே தெரிந்தது.

"நைனா, நான் இங்கதான் கீறேன். கைய வுடு, வலிக்குது."

விளக்கு எரிந்து, பாப்கார்ன் விற்கிறவர் வந்து போய், மறுபடி படம் ஆரம்பித்த பிறகும் அவர் விடவில்லை.