குந்து என்று சொல்லியிருந்தால்

எங்கள் ஊர்ப்பக்கம் உட்காருவதற்குக் 'குந்து' என்போம். சோறு தின்னக் குந்துவோம், கதை பேசக் குந்துவோம், கால் வலித்தால் வரப்பில் குந்துவோம். 'உக்காந்துட்டா' என்று ஒரு சொல்லும் எங்களிடம் இருந்தது. அதை ஒரே ஒரு சேதிக்குத்தான் எடுப்போம், ஒரு வீட்டுப் பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்று சொல்வதற்கு. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் விழுந்து என் படிப்பு செத்தது. இத்தனை வயதாகியும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

வெள்ளைக்காரன் காலம். குமணன்சாவடிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து பூந்தமல்லி ஹைஸ்கூலுக்கு நடந்து போன பெண்கள் இரண்டே பேர், நானும் அடுத்த தெருக்காரி ஒருத்தியும். இரண்டாம் பாரத்தில், இப்போதைய ஏழாம் வகுப்பில், சேர்ந்து படித்தோம். என்னை அனுப்புவதற்கு நைனா ஒரு கணக்கு வைத்திருந்தார். "உக்கார்ற வரிக்கும் போ. அப்பால ஊட்டோட இரு." எனக்குப் பதின்மூன்று நடந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் எழுந்ததும், இன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை, போகலாம் என்று மூச்சு விடுவேன்.

பொங்கலுக்கு முன்னால் பள்ளியில் ஒரு வாரம் அமர்க்களப்படும். படித்துவிட்டுப் போன பழைய மாணவர்கள் கோட்டும் தலைப்பாகையுமாக ஆவடியில் ரயில் இறங்கி, ஜட்கா பிடித்து வந்து சேருவார்கள். அவர்களுக்கும் எங்கள் பையன்களுக்கும் பந்தாட்டம், ஒரு நாள் சொற்போர், ஒரு நாள் நாடகம். கடைசி நாள் பெண்களின் பின்னல் கோலாட்டம். பள்ளியில் பெண்கள் எட்டுப் பேர். கம்பத்து உச்சியில் எட்டுத் துணிப்பட்டை கட்டி, ஆளுக்கொன்றைப் பிடித்து, ஜோடி ஜோடியாக உள்ளே வெளியே புகுந்து ஆட ஆடக் கம்பத்தில் சடை விழும். திருப்பி ஆடினால் அவிழும். என் பட்டை பச்சை. அடுத்த தெருக்காரிதான் என் ஜோடி.

எங்களைப் பழக்கிய டீச்சர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். நாங்கள் வாயைத் திறந்தாலே காதைப் பொத்துவார். பெரிய மனுஷர்கள் வருகிற வாரம் என்பதால் கெடுபிடி இன்னும் கூடியது. "குந்து என்ன குந்து? நாய்தான் குந்தும். உட்கார் என்று சொல்." யாராவது மறந்தால் கோலாட்டக் கோலாலேயே முழங்கையில் ஒரு தட்டு. என் ஜோடிதான் அதிகம் வாங்கினாள்.

கோலாட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, சடையை அவிழ்க்கும் சுற்றில் என் கால் பிசகிவிட்டது. வலி தாங்காமல் மைதானத்திலேயே விழுந்தேன். டீச்சர் என் ஜோடியைக் கூப்பிட்டு, வீட்டுக்கு ஓடிப்போய் வண்டி அனுப்பச் சொல் என்றார். அவளும் பாவம், மூச்சிரைக்க ஓடினாள். எங்கள் வாசலில் அம்மாவோடு நாலைந்து பெண்கள் நெல் புடைத்துக்கொண்டிருந்தார்களாம். டீச்சருக்குப் பயந்த வாய், நல்ல தமிழைத் தேடி எடுத்திருக்கிறது.

"உங்க பொண்ணு உக்காந்துட்டாக்கா. எழுந்துக்க முடியல. டீச்சரு வண்டி இட்டாரச் சொன்னாங்க."

அதற்கு மேல் அவளை யார் பேச விட்டார்கள்! அம்மாவே வண்டியில் வந்து இறங்கினாள். டீச்சர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னது எதையும் காதில் வாங்காமல், புதுப் புடவை ஒன்றை என் தலைமேல் போர்த்தி, ஆண்பிள்ளைகள் பார்க்காமல் ஏற்றினாள். பாதி வழி வரைக்கும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபோதுதான் விளங்கியது.

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. காலு தான் சுளுக்கிக்கிச்சி."

அம்மா என் பாதத்தைப் பார்த்தாள். கணுக்கால் புடைத்து மினுமினுத்தது.

வாசலில் ஆரத்தித் தட்டோடு பாதி ஊர் நின்றது. அம்மா நைனாவைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"இன்னாமே சொல்ற? ஊர் பூரா சொல்லிகினு வந்துகீறேன். உங்க அண்ணன் வானகரத்துலேர்ந்து ஓலை வெட்டிகினு வந்துகினு கீறான். இப்ப இல்லன்னா, இன்னாத்தையோ மறைக்கிறாங்கன்னு பேசுவானுங்க. அப்பால எவன் கட்டுவான் இவள?"

"கொயந்த படிக்கணும்னு அழுவுதுய்யா."

"இன்னிக்கி இல்லன்னா நாளிக்கி. குந்த வை."

மாமா வந்து பச்சை ஓலையில் குடிசை போட்டார். ஒன்பது நாள் அதற்குள் இருந்தேன். புட்டும் உளுந்தங்களியும் கொடுத்தார்கள். கன்னத்தில் சந்தனம் பூசிப் பாடினார்கள். நான் அழுதால், எல்லாப் பெண்ணும் அழத்தான் செய்வாள் என்று சிரித்தார்கள். கோலாட்ட நாளன்று காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. இப்போது கம்பம் நட்டிருப்பார்கள், இப்போது பட்டை கட்டியிருப்பார்கள் என்று ஓலை இடுக்கில் வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். செத்துப்போனால் தேவலை என்று முதல்முதலாக நினைத்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் என் ஜோடி வந்து, தீட்டு என்று தள்ளி நின்றாள்.

"எப்டி ஆடுனீங்க?" என்று கேட்டேன்.

"ஏழு பேருக்கு ஜோடி சேரலன்னு என்னியும் நிறுத்திட்டாங்க. ஆறு பேர்தான் ஆடுனாங்க. ஒன் பச்சையும் என் மஞ்சளும் கம்பத்துலியே சுத்திட்டாங்க. நானும் ஓரமா குந்திகினு பாத்தேன்."

"இப்ப மட்டும் குந்துன்னு வருதா? அன்னிக்கி எங்க ஊட்டுல குந்திட்டான்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

அவளுக்கு நான் சொன்னது உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் வெளுத்துவிட்டது. "டீச்சரு அடிப்பாங்கடி" என்றாள். நான் அவளைப் போ என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டாள். அவள் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. அன்றைக்கு அதை அவளிடம் சொல்லாமல் போனதுதான் உறுத்துகிறது.

உண்மையில் நான் உட்கார்ந்தது அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில். மூன்றாம் பாரம் முழுக்கப் படித்து முடித்திருக்கலாம். என் ஜோடி அப்போதும் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சுற்று வழியாகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

விஷயத்தைச் சொன்னபோது அம்மா ஆரத்தி எடுக்கவில்லை. மாமாவுக்குச் சேதி போகவில்லை. ஊருக்குத்தான் முன்னமே சொல்லியாகிவிட்டதே. தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கொல்லையில் மாட்டுக்கொட்டகை ஓரமாக ஒரு கோணியை விரித்தாள். என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாக, "குந்து" என்றாள்.