முப்பத்தொன்பதாம் நாள்: எர்லாங்கனில் ஹெல்வா கிண்டப் பழகியது

கடிதம் எண் 23
2025 ஒக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40. ஹம் நகரம்.

(இன்று அதிகாலை மூன்று மணியை இரண்டு மணியாக்கினார்கள். மேலே நான் குறித்திருப்பது மாற்றிய நேரம்.)

துருக்கியர் வீட்டுச் சமையலை ஒரு குடும்பத்துடன் இருந்து பழகுவதற்கு எங்கே போகலாம் என்று வாசகர் இருவர் கேட்டிருந்தார்கள். இஸ்தான்புலுக்குப் போவது எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் பழகியது ஜேர்மனியில், எர்லாங்கன் நகரில், இரண்டாம் மாடி வீடொன்றின் குசினியில். சென்ற வாரச் சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்கள். பழகும் நோக்கத்துடன் நான் போகவில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். செத்தவீடொன்றுக்குப் பிந்திப் போனேன். பிறகு பார்த்தால் ஒரு நாள் முந்திப் போயிருந்தேன்.

இறந்தவர் என் நண்பர் யூசுப். 1991 ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை, ஹம்மில் கம்பி இழுக்கும் தொழிற்சாலையொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, பக்கத்து இயந்திரத்தில் நின்றவர். 2017 ஜூன் 30இல் அவர் ஓய்வு பெறும்வரை பக்கத்திலேயே நின்றார். திகதிகளை நான் மறப்பதில்லை என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் 'ஹெர் கலண்டர்', திருவாளர் நாட்காட்டி. ஓய்வுக்குப் பின் மனைவி நெர்மினுடன் எர்லாங்கனுக்குக் குடிபெயர்ந்தார். மகள் எலிஃப் அங்கே பொறியியலாளர்.

இந்த ஆண்டு ஓகஸ்ட் 14இல் யூசுப் தொலைபேசியில் அழைத்தார். ஒருமுறை வந்து சூப் குடித்துவிட்டுப் போ என்றார். ஐப்பசியில் வருகிறேன் என்றேன். செப்ரெம்பர் 9, செவ்வாய்க்கிழமை, காலை 7.20க்கு எலிஃப் அழைத்தாள். இதயம். மறுநாளே உடலை விமானத்தில் துருக்கிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் முகம் பார்க்கவில்லை. "நாப்பதாம் நாள் வீட்டிலை ஹெல்வா கிண்டுவம், மாமா. நீங்கள் வரவேணும்," என்றாள். (நாங்கள் பேசிக்கொள்வது டொச், அதாவது ஜேர்மன் மொழியில்; இங்கே என் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன்.)

நான் நாளைக் கேட்கவில்லை. நாள் எண்ணுவதற்கு எனக்கு எவர் துணை வேண்டும்? எட்டாம் நாளானாலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியானாலும் இறந்த நாளையே முதலாம் நாளாக எண்ணுவது நம் வழக்கம். அப்படி எண்ணினால் நாற்பதாம் நாள் ஒக்டோபர் 18, சனிக்கிழமை. நம் கணக்கில் அது ஐப்பசி முதலாம் திகதியுமாகும். சொன்ன மாதத்திலேயே போகிறேன் என்று ஓர் அற்ப ஆறுதல்கூட இருந்தது.

நான் வாங்கிய புகையிரதச் சீட்டை என் மனைவி பார்த்தாள். "சாவுக்கும் டெர்மின் போட்டு, நாள் நேரம் குறிச்சுப் போற மனிசன் நீங்கள்தான். அந்தாள் உயிரோடை இருக்கேக்கை அவையின்ரை வீட்டிலை ஒரு வாய் வைக்கேல்லை. இப்ப என்னத்துக்கு?"

"இறைச்சி சமைக்கிற சட்டியிலை வைச்சதை மரக்கறிக்காரன் எப்பிடிச் சாப்பிடுறது?"

"வேலையிலை பொரிச்ச கிழங்கு வாங்கித் திண்டனீங்கள்தானே. அது எந்த எண்ணெயிலை பொரிச்சதெண்டு ஒருநாள் எண்டாலும் கேட்டனீங்களோ?"

நான் கேட்டதில்லை. அவள் சொன்னது சரி. ஹம்மில் இருந்தவரை யூசுப்பின் வீட்டுக்கு ஒவ்வொரு பெருநாளுக்கும் போவேன். தேநீர் குடிப்பேன், ஓர் அப்பிள் தின்பேன். சாப்பாட்டு மேசைக்கு அழைத்ததும், இன்று எனக்கு விரதம் என்பேன். அது பொய். நெர்மினிடம் அதைச் சொல்லி, அந்த வீட்டில் ஒருமுறையாவது சாப்பிட்டுவிட வேண்டும் என்பதற்காகவே போனேன்.

பயண விபரம். ஹம்மில் புகையிரதம் காலை 6.52. நூர்ன்பேர்க்கில் ஒரு மாற்றம். எர்லாங்கனில் இறங்கும்போது 12.04. குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இதை எழுத எனக்கே வியப்பாக இருக்கிறது. சீட்டு ஒருவழிக்கு 37 யூரோ 90 சதம், இருக்கைக்குத் தனியாக 5 யூரோ 50. திரும்புவதற்கு அன்று மாலை 16.28க்குப் பதிந்திருந்தேன். மலிவான சீட்டு அந்த வண்டிக்கு மட்டுமே செல்லும். நிலையத்திலிருந்து வீடு 1.9 கிலோமீற்றர், என் நடையில் 27 நிமிடம். துவிச்சக்கரவண்டிக்காரர்களுக்கு ஒதுக்கிய பாதையில் நடக்காதீர்கள். இரண்டு முறை மணியடித்தார்கள்.

கதவைத் திறந்த நெர்மின் ஏப்ரன் கட்டியிருந்தார். வாசலில் வேறு சப்பாத்துகளே இல்லை.

"அண்ணை! நாளைக்கல்லோ?"

(அவர் என்னை 'ஆபி' என்பார். அண்ணை என்பதுதான் பொருள்.)

இறந்த நாளை அவர்கள் எண்ணுவதில்லை. மறுநாள்தான் அவர்களுக்கு முதலாம் நாள். அன்று முப்பத்தொன்பது. உள்ளேயிருந்து வந்த எலிஃப் முதலில் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். "ஹெர் கலண்டர் நாளைப் பிழைவிட்டவர் எண்டு சொன்னால், அப்பா உயிரோடை இருந்தாலும் நம்பியிருக்கமாட்டார்."

என்ன செய்வது என்று தெரியாமல் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றேன். நின்றால் சீட்டுப் போய்விடும்; போனால் இரண்டாம் முறையும் அவரைத் தவறவிடுவேன். வீட்டுக்கு அழைத்தேன். "நில்லுங்கோ. திங்கள் தீபாவளிக்கு வந்தால் காணும்," என்றாள் மனைவி. அவ்வளவுதான்.

"நிக்கிறதெண்டால் சும்மா நிக்க ஏலாது," என்று நெர்மின் எனக்கும் ஓர் ஏப்ரனைத் தந்தார். பழக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க: அவர்கள் வீட்டில் விருந்துக்கு முதல் நாள்தான் சமையல் நடக்கிறது. மறுநாள் வருபவர் சாப்பிட மட்டுமே வருகிறார்.

முதலில் பருப்புச் சூப். நம் மைசூர்ப் பருப்பேதான். ஒரு வெங்காயம், ஒரு கரட், ஒரு சிறு உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வெட்டி, பருப்புடன் அவித்து மசிக்க வேண்டும். இறுதியில் தனியாக வெண்ணெயை உருக்கி, மிளகாய்த்தூளும் காய்ந்த புதினாவும் போட்டு மேலே ஊற்றுகிறார்கள். தாளிதம் என்று நாம் சொல்வதுதான், கடுகு மட்டும் இல்லை. வெங்காயத்தை நான் அளந்து வெட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணை, கம்பி இழுக்கேல்லை. சூப்புக்கு வெட்டுறீங்கள்," என்றார் நெர்மின்.

அடுப்பில் பருப்பை வைப்பதற்காக அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சட்டியை இறக்கினார். வெள்ளை எனாமல் பூசிய, மூன்று லீற்றர் அளவுள்ள சட்டி. கைப்பிடியில் நீல நூல் சுற்றியிருந்தது.

"இதுக்குள்ளை இறைச்சி போட்டதில்லை," என்றார். "இது உங்கடை."

எனக்கு விளங்கவில்லை.

1999 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நோன்புப் பெருநாளன்று நான் முதல்முறை விரதம் என்று சொல்லிவிட்டு எழுந்து போன மறு வாரமே யூசுப் அந்தச் சட்டியை வாங்கி வந்தாராம். அடையாளத்துக்கு நூலைச் சுற்றியவரும் அவர்தான். அடுத்தது ஹஜ்ஜுப் பெருநாள், மார்ச் 28, ஞாயிற்றுக்கிழமை. அன்று அதில் சூப் வைத்திருந்தார்கள்.

"அண்டைக்கு நீங்கள் பூரணை விரதம் எண்டனீங்கள்," என்றார் நெர்மின்.

சொன்னேன். நினைவிருக்கிறது.

"அந்தப் பெருநாள் பத்தாம் பிறையிலை வாறது, அண்ணை. பத்தாம் பிறையிலை பூரணை எப்பிடி வரும்? நீங்கள் போன பிறகு அவர் பல்கனிக்குப் போய்ச் சந்திரனைப் பாத்தவர். 'கலண்டர் திகதியைப் பிழையாச் சொல்லுறான் எண்டால் அவனுக்குப் பசி இல்லாமலில்லை, பயம். விடு, அடுத்தமுறை சாப்பிட இருப்பான்' எண்டவர்."

"பிறகு?"

"பிறகும் ஒவ்வொரு முறையும் வைச்சம். நீங்கள் போனாப்போலை நாங்களே குடிச்சம்."

நான் ஒப்புக்கொள்ளப் போன பொய் அந்த வீட்டில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. எனக்காகச் சட்டி இருக்கிறது என்று ஏன் யூசுப் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் வெட்கப்பட்டு வருவதையே நிறுத்திவிடுவேன் என்று பயந்தாராம். எனக்குச் சட்டியில் பயம். அவருக்கு என்னில் பயம்.

பிற்பகல் 3.10க்கு மேசையில் இருந்தேன். சூப்பில் உப்புச் சற்றுக் கூடுதல், புதினாவும் கூடுதல். இரண்டு கோப்பை குடித்தேன். நெர்மின் எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருக்கால் இப்பிடி இருந்து குடிச்சிருந்தால் அவருக்குக் காணும்," என்றார். குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். 16.28 வண்டி நானின்றிப் போயிற்று.

மறுநாள், 19ஆம் திகதி, காலை பத்து மணிக்கு ஒன்பது பேர் குசினியில் நின்றோம். ஹெல்வா என்பது ரவை, வெண்ணெய், சீனி, பால், பைன் விதை. நம் கேசரிக்கு அண்ணன் முறை என்று கொள்ளலாம். ஆனால் அவர்கள் ரவையை வெண்ணெயில் நாற்பத்தைந்து நிமிடம் வறுக்கிறார்கள். பன்னிரண்டாம் நிமிடத்தில் மணம் எழுந்ததும், "காணும், வறுபட்டிட்டுது," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மணம் இறந்தவரைச் சென்றடைய வேண்டுமாம். அதற்கு இவ்வளவு போதாது. இருக்கும் ஒவ்வொருவரும் அகப்பையை வாங்கி, இறந்தவருக்காக வேண்டிக்கொண்டே கிண்ட வேண்டும். கை மாறும்போதும் அகப்பை நிற்கக் கூடாது.

என் முறை வந்தது. "கை நிண்டால் அடிப்பிடிக்கும், அண்ணை," என்றார் நெர்மின். "அழுகிறதெண்டால் கிண்டிக்கொண்டு அழுங்கோ."

அவர்களுடைய பிரார்த்தனை எனக்குத் தெரியாது. நம்முடையதை அங்கே சொல்லத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது திகதிகள். தமிழில், மெதுவாகச் சொன்னேன். 1999 ஜனவரி 19, செவ்வாய். விரதம் இல்லை. 1999 மார்ச் 28, ஞாயிறு. விரதம் இல்லை. 2000 ஜனவரி 8, சனி. விரதம் இல்லை. 2000 மார்ச் 16, வியாழன். விரதம் இல்லை. ரவை தேன் நிறத்திலிருந்து தேநீர் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. 2000 டிசெம்பர் 27, புதன் என்று சொல்லும்போது எலிஃப் அகப்பைக்குக் கை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் பொறு பிள்ளை என்றேன். எனக்குச் சொல்ல இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. முடிக்கவில்லை, கை வலித்தது, கொடுத்துவிட்டேன்.

மாலை புறப்படும்போது நெர்மின் அந்தச் சட்டியை ஒரு துவாயில் சுற்றித் தந்தார். இனி இந்த வீட்டில் அதை எவருக்காக வைத்திருப்பது என்றார். புதிய சீட்டு 81 யூரோ 40. இரவு வீடு சேரும்வரை மடியில் வைத்திருந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சமையல் பழக வேண்டுமானால் விருந்துக்கு முதல் நாள் வரலாமா என்று கேளுங்கள். மகிழ்ந்து அழைப்பார்கள். மாமிசம் உண்ணாதவர்கள் அதை நேராகச் சொல்லுங்கள்; அவர்களிடம் பருப்பும் கத்தரிக்காயும் பலவகையாக உண்டு. நாள் எண்ணும் முறை வீட்டுக்கு வீடு மாறும். எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் திகதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் சீட்டை எந்த வண்டியிலும் செல்லும் சீட்டாக வாங்குங்கள். சூப் குடிக்க வா என்று ஒருவர் அழைத்தால் ஐப்பசிவரை தள்ளிவைக்காதீர்கள்.

இக்கடிதத்துடன் இணைத்திருப்பவை:

1. நெர்மின் சொன்ன அளவுகள், ஒரு பக்கம். (ஹெல்வா: ரவை 500 கிராம், வெண்ணெய் 250, சீனி 450, பைன் விதை 60, பால் 700 மில்லிலீற்றர், தண்ணீர் 600. சூப்பில் உப்பை நான் குறைத்திருக்கிறேன்.)

2. ஹம், எர்லாங்கன் புகையிரத நேரங்கள், இருவழியும்.

3. பாவிக்காத சீட்டின் படம்: 18.10.2025, 16.28.

4. சட்டியின் படம், நேற்று எடுத்தது. நீல நூல் தெரிகிறது. சட்டி வெறுமையாக இருக்கிறது. இம்முறை உண்மையாகவே விரதம்: கந்தசஷ்டி, 22ஆம் திகதி முதல். விரதம் முடிக்கும் பாறணை 28ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. அன்று பருப்பை நானே போடுவேன்.