பாகற்காய்க்குச் சீனப் பெயர்

சைகோனில் கடை வைத்திருந்த சாச்சா, என் வாப்பாவின் தம்பி, அங்கே நிக்காஹ் செய்துகொண்ட சீனப் பெண்ணைக் காரைக்காலுக்குக் கூட்டி வந்தார். வந்த வாரமே சரக்கு விஷயமாகப் புதுச்சேரிக்குக் கிளம்பிவிட்டார். சாச்சிக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. பெரியம்மா ஆக்கிச் சோற்றில் ஊற்றிய மீன் ஆணத்தை முகர்ந்து பார்த்துத் தட்டை நகர்த்திவிடுவார்.

பெரியம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சோறு திங்காத பொண்ணு எத்தன நாளைக்கு இருக்கும்? தம்பி வரட்டும், திரும்பக் கப்பல் ஏத்திடச் சொல்றேன்" என்று உம்மாவிடம் சொன்னார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் அப்போதே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன். வீட்டில் என்னைத் திட்டாத ஒரே ஆள் சாச்சிதான். அவருக்குத் திட்டத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அவர் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனேன். கத்தரிக்காயைக் காட்டினேன், வேண்டாம் என்றார். முருங்கைக்காயைப் பார்த்துச் சிரித்தார். வேலியில் தொங்கிய பாகற்காயைக் கண்டதும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"ஃபூக்வா!"

நானும் சொன்னேன். இல்லையென்று தலையசைத்து, கையை மெல்ல மேலே உயர்த்தினார். குரலும் அந்தக் கையோடு ஏற வேண்டுமாம். ஏற்றினேன். கைதட்டினார்.

காயோடு அடுப்படிக்குப் போனால் பெரியம்மா மறித்தார். முதல் பெருநாள் கழியும்வரை புதுப்பெண் தட்டில் கசப்பு வைக்க மாட்டார்கள் எங்கள் வீட்டில்.

"புதுப்பொண்ணுக்குப் பாவக்காயா? யார்ரா சொன்னா?"

"சாச்சிதான் கேக்குறாங்க. சீனத்துல ஃபூக்வா."

"ரெண்டாங்கிளாஸு தாண்டல, தொரைக்குச் சீனம் வந்துடுச்சோ?"

"நீங்களே கேட்டுப் பாருங்களேன்."

பெரியம்மா காயைத் தூக்கிப் பிடித்து, வேண்டாவெறுப்பாக, "பூக்குவா?" என்றார். சாச்சி இரண்டு கைகளையும் நீட்டினார். அதற்குப் பிறகு எந்த வழக்கம் நிற்கும்? பெரியம்மா அரிவாள்மணையை அவர் பக்கம் தள்ளினார். சாச்சி வில்லைவில்லையாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிழிந்து, முட்டை ஊற்றிக் கிண்டினார். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். கப்பல் பேச்சு அன்றோடு நின்றது.

சாயங்காலம் தெரு முழுக்க என் பேச்சுதான். கேட்டவர்களுக்கெல்லாம் கையை உயர்த்திச் சொல்லிக் காட்டினேன். ஊரில் சீனம் தெரிந்தவன் நான் ஒருவன். அந்தப் பெருமை இன்னும் கொஞ்சம்கூடக் குறையவில்லை.

அடுத்த பெருநாளுக்குள் சாச்சி மீன்காரியிடம் தமிழில் பேரம் பேசினார். பெரியம்மாவோடு தமிழிலேயே சண்டையும் போட்டார். அதைத் தெருவில் யாரும் கொண்டாடவில்லை. அதில் கொண்டாட என்ன இருக்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை, பிற்காலத்தில் நான் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு, ஒரு சீனக் கடை வாசலில் குடிக்கத் தண்ணீர் கேட்கச் சொல் கிடைக்காமல் நின்ற நாள்வரை.