தலையில் கை வைத்த இருபது நிமிஷம்

கழுத்து வலி வந்ததில் எனக்குக் கோபமில்லை. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இன்ஷூரன்ஸ் படிவங்களை டைப் அடிப்பவள், தண்ணீர்ப் பஞ்ச வருஷத்தில் லாரித் தண்ணீரைக் குடம் குடமாக முதல் மாடிக்குத் தூக்கினால் கழுத்து வலிக்கத்தான் செய்யும். என் கோபமெல்லாம் அதைச் சரிசெய்ய நான் கேட்ட இருபது நிமிஷத்தைப் பற்றியது.

அப்போது கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். நான், கணவர், அவருடைய அம்மா. வலது கை விரல்கள் மரத்துப்போய் ஒருநாள் காபி டம்ளர் நழுவி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். அவர் கழுத்துக்குப் பட்டை மாட்டிவிட்டார். "கையில பலம் இப்படியே குறைஞ்சுதுன்னா டைப் அடிக்கிற வேலையை மறந்துட வேண்டியதுதான்மா" என்றார். அந்த வேலை ஒன்றுதான் எனக்கே எனக்கென்று இருந்தது.

பட்டை ஏறியதும் வீட்டில் ராஜமரியாதை. "நீ குனியாதம்மா" என்று அத்தையே பெருக்கினார். கணவர் முணுமுணுக்காமல் குடம் தூக்கினார். எதிர்வீட்டு அக்கா ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினார்.

பத்து நாள் கழித்து டாக்டர் என்னை பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண் முதல் வேலையாகப் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இதை மாட்டிக்கிட்டே இருந்தா கழுத்துத் தசை சோம்பேறியாயிடும் மேடம். இனிமே எக்சர்சைஸ்தான் மருந்து."

நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலையால் கையைத் தள்ள வேண்டும். கை விட்டுக்கொடுக்கக் கூடாது. மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். பிறகு பக்கவாட்டில், பிறகு பின்மண்டையில். கடைசியில் தாடையை உள்ளே இழுத்துப் பிடிப்பது, தோளைச் சுழற்றுவது. தினமும் இருபது நிமிஷம், மூன்று மாதம். அதுவரை கனம் தூக்கக் கூடாது.

வெறும் கழுத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன். "அப்பாடா, சரியாயிடுச்சா" என்றார் அத்தை. மறுநாள் காலை லாரி ஹாரன் அடித்தபோது மூன்று குடங்களும் என் காலடியில் இருந்தன.

"இன்னும் சரியாகலை அத்தை. இனிமேதான் வைத்தியமே."

"வைத்தியம்னா மாத்திரை எங்க?"

கட்டிலில் உட்கார்ந்து நெற்றியில் கையை வைத்துத் தள்ள ஆரம்பித்தேன். ஏழு எண்ணுவதற்குள் அத்தை வந்துவிட்டார். "விடிஞ்சதும் விடியாததுமா தலையில கை வச்சு உக்காந்தா வீடு விளங்குமா? எந்திரிம்மா."

எந்தக் கப்பல் கவிழ்ந்தது என்று தலையில் கை வைத்தேன்? பிள்ளையைப் பெற்றவர், அவருக்குப் பயம், அதைக்கூட மன்னித்துவிடலாம். பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் "பண்ணட்டும்மா, டாக்டர் சொன்னதுதானே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அந்த முதுகை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று குடங்களைத் தூக்கினேன். ஆபீஸில் விரல்கள் கீபோர்டை அழுத்தினவா இல்லையா என்றே தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பைக்குள் கிடந்த பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். "திரும்ப வந்துடுச்சு அத்தை" என்றேன். குடங்கள் உடனே கணவர் கைக்குப் போயின.

மறுநாளிலிருந்து அரைமணி முன்னதாகவே கிளம்பினேன். தாம்பரத்திலிருந்து புறப்படும் மின்சார ரயிலில் பெண்கள் பெட்டி காலியாக நிற்கும். பட்டையைக் கழற்றி டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நெற்றியில் கை வைப்பேன். எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்கார அக்கா இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாம்மா, காலாங்காத்தால தலைல கை வச்சிகினு குந்திகினு கீற. வூட்ல எதுனா பேஜாரா?"

சொன்னேன்.

"எனக்குந்தான் குனிஞ்சி குனிஞ்சி பூ கட்டி கழுத்தே போய்ட்ச்சு" என்று பூவை மடியில் போட்டுவிட்டுத் தன் நெற்றியிலும் கை வைத்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் சேர்த்து அவள்தான் எண்ணினாள். என் வீட்டில் கிடைக்காத இருபது நிமிஷம், முன்பின் தெரியாதவள் முன்னால் கிடைத்தது. இதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று மாதத்தில் விரல்களுக்கு உயிர் வந்தது. வேலை தப்பியது. பட்டையைப் பரணில் போட்டேன். "நல்ல பட்டை, குணமாக்கிடுச்சு" என்றார் அத்தை. நானும் ஆமாம் என்றேன்.

ஐந்தாறு வருஷம் கழித்துக் கணவருக்குக் கழுத்து வலி வந்தது. ஒரகடத்தில் இருந்த கம்பெனிக்குத் தினமும் பைக்கில் போய்வந்த வினை. அவருக்கும் அதே பயிற்சிகள். ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்துத் தள்ளினார். வீடு விளங்குமா என்று யாரும் கேட்கவில்லை. "டிவி சத்தத்தைக் குறைம்மா, அவன் எக்சர்சைஸ் பண்றான்" என்றார் அத்தை. குறைத்தேன்.

பத்து எண்ணி முடித்து அவர் என்னைப் பார்த்தார்.

"நீ குடுத்து வச்சவ. உனக்குப் பட்டை போட்டதுலயே சரியாயிடுச்சு. என்னைப் பாரு, தினமும் இருபது நிமிஷம் இதோட மல்லுக்கட்ட வேண்டியிருக்கு."

நான் ரிமோட்டை எடுத்து, டிவி சத்தத்தை முழுசாக வைத்தேன்.