பப்பாளி போட்ட சூப்பு

வேப்பூரிலிருந்து சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாளாகியிருந்தது. பத்து நாளும் விடிந்ததும் வாந்திதான். பித்தம் என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். சித்தி முழுகாமல் இருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போனதால், மூன்று மாதம் முடிகிறவரை யார் காதிலும் போடக் கூடாது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். எனக்கோ பத்து வயது, ஊரெல்லாம் தமுக்கு அடிக்கிற வாய் வேறு. என்னிடம் யார் சொல்வார்கள்?

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சித்தி செத்துப்போய்விடுவாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். காய்கறி சூப்பு குடித்தால் எப்பேர்ப்பட்ட நோயாளியும் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று டிவியில் ஒரு அம்மாள் சொன்னாள். போதாதா? அன்று சாயங்காலம் அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கொல்லைக்கு ஓடினேன். அப்பா வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட ஃபியூஸ் கட்டைகளைக் கொண்டுவந்து அங்கே பாத்தி கட்டியிருந்தார். ஒரு பிஞ்சுச் சுரைக்காய், நாலு தக்காளி, ஒரு பிடி முருங்கைக்கீரை பறித்தேன். சூப்பு கெட்டியாக வரட்டுமே என்று செங்காயாக ஒரு பப்பாளியையும் தட்டி விழவைத்தேன். எல்லாவற்றையும் வேகவைத்து, மத்தால் கடைந்து, உப்பும் மிளகுத்தூளும் போட்டேன்.

சித்தி தயங்கித் தயங்கி ஒரு மடக்குக் குடித்தாள். அப்புறம் கிண்ணத்தைக் கீழே வைக்கவே இல்லை.

"என்னாடி இது, அமிர்தமா இருக்குது!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா வந்ததும் வாசலிலேயே மறித்துப் பெருமை அடித்துக்கொண்டேன்.

"என்னென்னடி போட்ட?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். பப்பாளி என்றதும் அம்மா வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் இருப்பது நிற்காது என்று எந்தப் பிள்ளைத்தாய்ச்சியையும் கிட்டே அண்டவிடாத காய் அது என்று நான் என்னத்தைக் கண்டேன்? சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வேலை முடிந்து வந்த அப்பா, மேலில் அப்பியிருந்த வெள்ளைப் பொடியைக்கூடக் கழுவாமல், அரிவாளை எடுத்துப்போய்ப் பப்பாளி மரத்தை வெட்டிச் சாய்த்தார்.

"மரம் என்னாப்பா பண்ணுச்சு?" என்றேன்.

மறுநாள் விடிந்தது. வாந்தி வரவில்லை. ஏழு மணியாயிற்று, எட்டாயிற்று. சித்தி கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அம்மா இரண்டு தடவை பாலைப் பொங்க விட்டாள்.

"நின்னுபோச்சு! என் சூப்புதான் நிறுத்துச்சு!" என்று நான் குதித்தேன்.

பளாரென்று ஓர் அறை விழுந்தது. அம்மா அதுவரை என்னை அடித்ததே கிடையாது.

நான் தேம்பிக்கொண்டிருக்கும்போதே சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சாக்கடைப் பக்கம் ஓடினாள். குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. அம்மா பின்னாலேயே ஓடி அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுடி என் ராசாத்தி, நல்லா எடு!"

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். சித்தியும் சிரித்தாள். வாயைக்கூடச் சரியாகத் துடைக்காமல் வந்து என்னைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள்.

நான் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். குணமாகி வந்தவள் மறுபடியும் நோயில் விழுந்துவிட்டாள். அந்த வீட்டில் அதற்காகத் துக்கப்பட்டது நான் ஒருத்திதான்.