பால் வெட்டு இல்லாத காலை

"படிச்ச பொண்ணுக்கு அந்த நேரத்துல புத்தி எங்க போச்சு?" என்று யாராவது யாரையாவது கேட்டால் எனக்கு இப்போதும் கோபம் வரும். புத்தி எங்கேயும் போவதில்லை. எனக்கு இருபத்து மூன்று வயதில் அது பக்கத்திலேயே நின்று ஆசைக்காக வாதாடியது.

எங்கள் தோட்டம் தெஹியோவிட்டவுக்கு மேலே. காலையில் மழை பெய்தால் ரப்பர் பால் வெட்டு கிடையாது. பால் நிறுக்கும் கொட்டகைப் பக்கம் ஒருத்தரும் வரமாட்டார்கள். நானும் அவனும் அங்கே ஒதுங்கினோம். அவன் ஓட்டோ ஓட்டுகிறவன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பாதுகாப்பு இல்லாமல் ஒன்றும் கிடையாது என்று முந்தின வாரம்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அடுத்த மாதம் எனக்கு ஆசிரியர் கலாசாலை தொடங்குகிறது. பிள்ளை உண்டானால் அது போயிற்று.

அவன் கழுத்தில் மழைத்தண்ணீர் வடிந்தது. அதைப் பார்த்துத் தொலைத்தேன்.

"இருக்கா?"

"இல்ல. டவுனுக்குப் போயி வாங்கிட்டு வரவா?"

"இந்த மழையிலயா?"

போய்வரக் கால்மணி நேரம்தான். அவனைப் போகவிடாமல் பிடித்து வைத்தது நான். தோட்டத்து மிட்வைஃப் மிஸ் சொல்லித்தந்த பாதுகாப்பான நாட்களை விரல்விட்டு எண்ணி, "இன்னைக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொன்னதும் நான்தான்.

மழை விட்டதும் மறுபடி எண்ணினேன். இந்த முறை ஆபத்தான நாள் என்று வந்தது.

தெஹியோவிட்ட பார்மசிக்காரருக்கு அப்பாவைத் தெரியும். அதனால் பஸ் ஏறி அவிசாவளைக்குப் போனோம். யார் வீட்டுப் பெண் என்று தெரியக்கூடாதென்று, அவசரக் கர்ப்பத்தடை மாத்திரையைச் சிங்களத்தில் கேட்டேன். கடைக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தமிழில் கேட்டார்.

"எப்ப, தங்கச்சி?"

"காலையில."

"அப்ப பயப்படாதீங்க. இப்பவே போடுங்க. ஆனா இத வழக்கமாக்கிக்க வேணாம்."

வெளியே வந்தேன். முகம் வெளுத்து நின்றவன், "என்ன சொன்னாரு?" என்றான்.

"வாய மூடிட்டு தண்ணி போத்தல குடு."

பதினெட்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்தொன்பதாம் நாள், துணி துவைக்கும்போது, வரவேண்டியது வந்தது. வாளியை உதைத்துவிட்டுச் சிரித்தேன். கலாசாலைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு 'இனிக் கவனமாக இருப்போம்' என்று நாங்கள் சத்தியம் எதுவும் செய்யவில்லை. அந்தக் கொட்டகையில் என் சத்தியம் எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியும். வெயில் காயும் ஒரு மத்தியானம், தலை தெளிவாக இருக்கும்போது, ஆணுறைப் பாக்கெட் ஒன்று வாங்கி ஓட்டோவில் ஸ்பேனர் வைக்கும் பெட்டியில் போட்டேன்.

இப்போது எங்களுக்குக் கல்யாணமாகிவிட்டது; நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். காலையில் மழை பிடித்தால், "டவுனுக்குப் போயிட்டு வரவா?" என்று பல்லைக் காட்டுவான்.

"ஸ்பேனர் பெட்டியப் பாருடா, மடையா."