பேரை மாற்றினேன், வயலை மாற்றவில்லை

மருந்துச் சீட்டு எழுதும் கையால் கதையும் எழுதினால் வம்புதான். சிற்றிதழில் எழுதிக் கையைச் சுட்டுக்கொண்ட சக டாக்டர்களே, உங்களுக்கு இது புதிதில்லை.

ஆசிரியர் கேட்டது

குறுவை நெல்லுக்குப் பூச்சிமருந்தடித்த கூலியாள் ஒருவர் என் கிளினிக் வாசலில் மயங்கி விழுந்தார். முகத்துக்கு ஒரு துணிகூடக் கொடுக்காத நிலக்காரர்மேல் கொதித்து நாலு பக்கம் எழுதி, கும்பகோணத்துப் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் போன் பண்ணினார். "இதெல்லாம் பேப்பர்லயே வருதுங்க டாக்டர். உங்ககிட்ட நாங்க எதிர்பார்க்கறது சிரிப்புங்க."

சிரிப்பு

அன்றே போனை வைத்துத் தொலைத்திருக்க வேண்டும். அச்சில் பேர் பார்க்கும் ஆசை விடவில்லை. காலில் சர்க்கரைப் புண்ணோடு வந்த தங்கராசுவைப் பற்றி எழுதினேன். புண்மேல் மூக்குப்பொடியும் சுண்ணாம்பும் குழைத்து அப்பியிருந்தார். பேரைச் சின்னய்யன் என்று மாற்றினேன். 'மதகுக்குக் கீழண்டை மூணு மா நிலம்' என்பதை அப்படியே விட்டுவிட்டேன். முட்டாள்! எங்கள் பக்கம் பேரைச் சொன்னால் தலையைச் சொறிவார்கள், வயலைச் சொன்னால் வீட்டிலேயே கொண்டுபோய் விடுவார்கள்.

கதை அச்சில் வந்ததும், கிளினிக்கை ஒட்டி மருந்துக்கடை வைத்திருக்கும் பாய்தான் முதலில் சொன்னார். "நம்ம தங்கராசண்ணன்தானே சார் இது? டீக்கடையில வாய்விட்டுப் படிச்சுச் சிரிக்கிறாங்க."

வராத ஆள்

ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப்போட வந்துகொண்டிருந்த தங்கராசு அதன்பிறகு வரவே இல்லை. போன் செய்தால் அவர் மனைவி எடுத்தார். "வர மாட்டேங்கறாரு டாக்டர். போனா நீங்க இன்னொரு கதை எழுதிருவீங்கன்னு சொல்றாரு."

எரிச்சலில் ஆசிரியரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் குளிர்ந்துபோய்ப் பேசினார். "அந்தக் கதைக்குத்தாங்க வாசகர் கடிதம் நிறைய வந்துருக்கு. அதே மாதிரி இன்னொண்ணு குடுங்களேன்."

அவரைத் திட்டுவது சுலபம். அந்த வயல் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இரண்டு விரல்

ஒரு மாதம் கழித்துத் தங்கராசுவை அவர் மருமகன் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். இரண்டு கால்விரல்கள் கறுத்திருந்தன. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே விரல்களை எடுத்துவிட்டார்கள்.

திரும்பக் கட்டுப்போட வந்தபோது, "தப்பு என் மேலதாண்ணே, மன்னிச்சிருங்க" என்றேன். தங்கராசு காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "விரல் போனதையும் எழுதிருங்க டாக்டர். சிரிச்சவங்களுக்கு மீதிக் கதை தெரிய வேணாமா?"

இத்தனை வருடம் எழுதியதில் எனக்குக் கிடைத்த உருப்படியான விமர்சனம் அது ஒன்றுதான்.